விரியலாக்கியின் இரு வாய்க்கால்கள்

தீவுகளில் வாழ்வோருக்குப் பொருளின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நெடுந்தீவில் ஒரு கருவி பழுதுபட்டால் அதனைப் படகில் ஏற்றி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலைக் கடந்து, குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கொண்டுவர வேண்டும். அங்கிருந்து புங்குடுதீவையும் வேலணையையும் தாண்டிப் பண்ணைத் தாம்போதி வழியாக யாழ்ப்பாண நகரை அடைய வேண்டும். கருவியோ முப்பது கிலோவை அணுகும் எடையுள்ளது. உப்புநீர் தெறிக்காதபடி சாக்கினால் மூடி, மடியிற் பிள்ளையைப் போலக் காத்துக் கொண்டுபோக வேண்டியது. போக்குவரத்திலேயே ஒரு நாள் கழிந்துவிடும். அப்படிக் கொண்டுபோன பின், “இதில் பழுது ஒன்றுமில்லை, வயரைத்தான் மாறிச் செருகியிருக்கிறீர்கள்” என்று திருத்துநர் சொல்லிவிட்டால் ஏற்படும் மனச்சலிப்புக்கு அளவில்லை. ஆகவே, பழுதைத் திருத்தத் தெரியாவிட்டாலும், பழுது எங்கே இருக்கிறது என்று தேடத் தெரிந்திருப்பது தீவாருக்கு நகரத்தாரிலும் மிகுதியாக வேண்டப்படும் அறிவாகும்.

1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர்க் கத்தோலிக்க ஆலயங்களில் மக்கள் தத்தம் தாய்மொழியிற் பாடி வழிபடும் வழக்கம் பரவியது. அதனோடு கிற்றாரும் பல நாடுகளிற் பாடகர் குழுக்களிடையே இடம்பிடித்தது. ஊர்காவற்றுறைப் பக்கத்துப் பாடகர் குழு ஒன்றினிடம் வால்வுகளால் இயங்கும் பழைய கிற்றார் விரியலாக்கி ஒன்று இருப்பதாகக் கொள்க. பாடசாலை நூல்கள் விரியலாக்கி என்று கூறும் இக்கருவியை ஊரவர் அம்பிளிபயர் என்பர். அதில் இரண்டு சனல்கள் உண்டு. ஒன்றிற் கிற்றார் செருகப்பட்டிருக்கிறது. மற்றொன்றிற் பாடுபவரின் ஒலிவாங்கி. திருநாளுக்கு இன்னும் நான்கு நாள்களே உள்ளன. கிற்றார் முழங்குகிறது, பாடுபவரின் குரலோ கிணற்றுக்குள் இருந்து வருவது போலக் கேட்கிறது. வால்வு செத்துவிட்டது என்கிறார் ஒருவர். பணம் சேர்த்துப் புதியது வாங்குவோம் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் ஒன்றும் பேசாமல் திருப்புளியை எடுத்துப் பின்பலகையைக் கழற்றத் தொடங்குகிறார். முதலிருவரும் தவறினாற் பணம் போகும். மூன்றாமவர் தவறினால் உயிர் போகும்.

சனல் என்னும் சொல்லுக்கு வாய்க்கால் என்பதும் ஒரு பொருள். வேலணையிலோ புங்குடுதீவிலோ தோட்டத்துக்கு நீர் பாய்ச்சியவர் இக்கருவியின் அமைப்பை எளிதில் விளங்கிக்கொள்வர். இரண்டு வாய்க்கால்கள் இரு திசைகளிலிருந்து வந்து ஒரே தொட்டியில் விழுகின்றன. தொட்டியிலிருந்து ஒரே வழியாக நீர் தோட்டத்துக்குப் போகிறது. வாய்க்கால்கள் இரண்டும் இரு சனல்கள். தொட்டிக்கு அப்பால் உள்ளவை வலுவூட்டும் பெரிய வால்வுகளும், வெளியீட்டு நிலைமாற்றியும், ஒலிபெருக்கியும் ஆகும். தோட்டம் முழுவதற்கும் நீர் குறைந்தாற் குற்றம் தொட்டியிலோ அதற்கு அப்பாலோ இருக்கலாம். ஆனால் ஒரு வாய்க்காலின் நீர் நிறைந்தும் மற்றதன் நீர் குறைந்தும் வந்தாற் குற்றம் தொட்டிக்கு இப்பாலேயே இருக்க வேண்டும்.

இதுவே முதல் விதி. இரண்டுக்கும் பொதுவாக உள்ள ஒன்று இரண்டுக்கும் இடையே வேறுபாட்டை உண்டாக்க இயலாது. சிறு தீவுகளில் மின்பிறப்பாக்கி தளர்ந்து மின்னழுத்தம் இறங்கினால் இரு சனல்களும் சேர்ந்தே மங்கும். ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு கிழிந்தால் இரண்டும் சேர்ந்தே கரகரக்கும். பெரிய வால்வுகள் தேய்ந்தால் இரண்டும் சேர்ந்தே வலுவிழக்கும். ஒரு சனல் மட்டும் தாழ்ந்து ஒலிக்கும்போது விலையுயர்ந்த பெரிய வால்வுகளை மாற்றுவது, தலைவலிக்குக் காலில் மருந்து கட்டுவதை ஒக்கும். இந்த ஒரு விதியைக் கைக்கொண்டாலே கருவியின் பெரும்பகுதி சந்தேகத்திலிருந்து விடுபட்டுவிடும்.

அடுத்து எழும் வினா: வேறுபாடு கருவியில் உள்ளதா, கருவியிற் செருகப்பட்ட பொருளில் உள்ளதா? மின்கிற்றாரின் தந்தி அதிரும்போது அதன் காந்தச் சுருளில் நூறு மில்லிவோல்ற்று அளவில் மின்னழுத்தம் பிறக்கும். மேடைகளில் வழங்கும் சாதாரண ஒலிவாங்கியோ சில மில்லிவோல்ற்றையே தரும். அதனை நேரே கிற்றாருக்குரிய செருகுவாயிற் செருகினாற் குரல் மங்கலாகவே வரும். அதிற் கருவியின் குற்றம் எதுவுமில்லை. ஒலிவாங்கிக்கும் கருவிக்கும் இடையே பொருத்தமான சிறு நிலைமாற்றி ஒன்றைச் சேர்த்தால் மின்னழுத்தம் பல மடங்கு உயரும், குரலும் தெளிவுபெறும். எனவே, தேடலைத் தொடங்குமுன் ஒரே கிற்றாரை, ஒரே வயரினால், முதலில் ஒரு சனலிலும் பின்னர் மற்றதிலும் செருகிப் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஒலி சமமாக வந்தால் விரியலாக்கிக்கு நோய் இல்லை என்பது தெளிவு. மேற்குறித்த குழுவின் குறை பெரும்பாலும் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடக்கூடும்.

இச்சோதனையிற் கவனம் வேண்டும். பல கருவிகளில் ஒவ்வொரு சனலுக்கும் 1, 2 என எண்ணிட்ட இரண்டு செருகுவாய்கள் இருக்கும். பெண்டர் நிறுவனத்தின் கருவிகளில் இரண்டாம் செருகுவாயினூடாக வரும் மின்னழுத்தம் வேண்டுமென்றே பாதியாகக் குறைக்கப்படுகிறது. வலுமிக்க வாத்தியங்களுக்கென அமைத்த ஏற்பாடு அது. ஒரு சனலின் முதலாவதையும் மற்றதன் இரண்டாவதையும் ஒப்பிட்டால் இல்லாத பழுது இருப்பதாகத் தோன்றும். அவ்வாறே தாழ்சுருதி, உயர்சுருதித் திருகிகள் இரு பக்கமும் ஒரே எண்ணில் நிற்க வேண்டும். ஒலியைக் கூர்மையாக்கும் சிறு ஆளி இருப்பின் அது இரு பக்கமும் அணைக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்ற வேண்டும் என்பது ஆய்வுகூடத்தில் மாணவருக்குக் கற்பிக்கப்படும் முதற்பாடம். அது இங்கும் பொருந்தும்.

இவ்வளவு செய்தும் வேறுபாடு நீங்காவிட்டால், அது பழுதா அல்லது படைப்பா என்று கேட்க வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ பெண்டர் என்பவர் 1938-இல் வானொலித் திருத்தகம் ஒன்றை நடத்தத் தொடங்கினார். 1946-இற் பெண்டர் நிறுவனம் உருவாயிற்று. வானொலிப் பெட்டிகளைத் திருத்திப் பழகிய அந்தக் கைகளே கிற்றார் விரியலாக்கிகளுக்கும் வடிவு கொடுத்தன. 1963-இல் வெளிவந்த அவருடைய இருசனற் கருவியொன்றில் ஒரு சனல் சாதாரணமானது. மற்றதில் எதிரொலியும் அதிர்வும் கூட்டும் சுற்றுகள் உண்டு. எதிரொலிச் சுற்றில் இழக்கப்படும் வலுவை ஈடுசெய்ய அந்தச் சனலில் ஒரு பெருக்கும்படி கூடுதலாக வைக்கப்பட்டது. அதனால் இரு சனல்களும் ஒரே எண்ணிற் சரியாக ஒத்து ஒலிப்பதில்லை. மேலும், கூடுதற் படியினால் ஒரு சனலின் அலை மற்றதன் அலைக்குத் தலைகீழாகிறது. ஒரே கிற்றாரை இரு சனல்களிலும் சேர்த்து இணைப்பவர் ஒலி கூடும் என்று எதிர்பார்ப்பார். அலைகள் ஒன்றையொன்று அழிப்பதால் ஒலி மெலியும். இது பழுதன்று, கருவியின் இயல்பு.

இலண்டனின் ஹன்வெல் பகுதியில் ஜிம் மார்ஷல் 1962-இல் உருவாக்கிய ஜே.டி.எம். 45 என்னும் கருவி பெண்டரின் பாஸ்மன் கருவியைப் பின்பற்றியது. அதிலும் இரு சனல்கள். ஒன்றின் ஒலித்திருகியின் குறுக்கே சிறு கொள்ளளவி ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது; பழைய தொழிலாளர் இதனைக் கண்டென்சர் என்பர். திருகி தாழ்ந்து நிற்கும்போது அது கூர்மையான ஒலிகளைத் தடையின்றிக் கடத்திவிடும். அதனால் அந்தச் சனல் உரத்து ஒலிப்பது போலக் காதுக்குத் தோன்றும். திருகியை முழுவதும் திறந்தால் கொள்ளளவிக்கு வேலையில்லாமற் போகும். வேறுபாடும் பெரிதும் குறையும். இதிலிருந்து ஓர் எளிய சோதனை கிடைக்கிறது. திருகியின் நடுவிடத்தில் வேறுபாடு பெரிதாகவும், முழுத்திறப்பில் வேறுபாடு சிறிதாகவும் இருந்தாற் காரணம் அந்தத் திருகியையும் அதைச் சார்ந்த உறுப்புகளையும் பற்றியது. முன்பு யாரோ பொருந்தாத திருகியை மாற்றி வைத்திருக்கவும் கூடும். முழுத்திறப்பிலும் வேறுபாடு மாறாது நின்றாற் சந்தேகம் வால்வின் பக்கம் திரும்ப வேண்டும். இரண்டு திருகிகளையும் முழுதும் திறப்பவர் அயலாரின் காதுக்கும் இரங்கி, கிற்றாரை மெல்லத் தடவுவது நன்று.

வால்வு என்பது யாது? 1904-இல் ஜோன் அம்புரோஸ் பிளெமிங் இரு முனைகள் கொண்ட வால்வை ஆக்கினார். 1906-இல் லீ டி பொரஸ்ட் அதனுள் மூன்றாவது முனையைப் புகுத்தினார். காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் கதோட்டு சூடேற, அதிலிருந்து இலத்திரன்கள் புறப்பட்டு அனோட்டை நாடி ஓடுகின்றன. இடையிலுள்ள நெய்யரி என்னும் கம்பிவலையில் ஏற்படும் சிறு அழுத்தமாற்றம் அந்தப் பெரிய ஓட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது. மதகின் பலகையை ஒரு விரல் உயர்த்தினால் வெள்ளம் பாய்வதைப் போன்றதே இது. இலங்கையில் 1925-இல் வானொலி ஒலிபரப்பு ஆரம்பித்த காலம் முதற் பல பத்தாண்டுகள் வானொலியின் உயிர்நாடி வால்வுகளே. 1947-இற் கண்டறியப்பட்ட திரான்சிஸ்டர் பின்னர் அவற்றின் இடத்தைப் பிடித்தது. ஆயினும் கிற்றார் வாசிப்போர் வால்வின் இனிமையை விரும்புவதால் அவை இன்றும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளிற் செய்யப்படுகின்றன.

கிற்றார் விரியலாக்கிகளின் முன்படிகளிற் பெரும்பாலும் காணப்படுவது ஐரோப்பாவில் ஈ.சி.சி. 83 என்றும் அமெரிக்காவில் 12 ஏ.எக்ஸ். 7 என்றும் பெயர்பெற்ற சிறு வால்வு ஆகும். ஒன்பது ஊசிகளுடைய இக்குமிழுக்குள் ஒன்றன்று, இரண்டு வால்வுகள் அடங்கியுள்ளன. ஒரு கூரையின்கீழ் இரு குடும்பங்கள் வாழ்வது போன்ற இவ்வமைப்பில் ஒரு பாதி தளர்ந்து மறுபாதி நலமாக இருக்கவும் கூடும்.

சனலுக்கொரு வால்வு உள்ள கருவியிற் சோதனை எளிது. கருவியை அணைத்து, மின்செருகியைச் சுவரிலிருந்து கழற்றி, வால்வுகள் ஆறும்வரை பொறுத்து, இரு சனல்களின் முதல் வால்வுகளையும் ஒன்றற்கொன்று இடம்மாற்ற வேண்டும். இழுக்கும்போது வலிந்து பிடுங்காமல், பாற்பல்லை அசைப்பது போல மெல்ல அசைத்து எடுக்க வேண்டும். மாற்றியபின் மெலிவு மற்றச் சனலுக்குப் போய்விட்டால் நோய் வால்வில் உள்ளது. புதிய வால்வு ஒன்று வாங்கினாற் போதும். மெலிவு இருந்த இடத்திலேயே நின்றால் வால்வு குற்றமற்றது. மார்ஷல் கருவி போன்றவற்றில் முதல் வால்வின் இரு பாதிகளும் இரு சனல்களுக்கும் பகிரப்பட்டிருக்கும். அங்கே அதே எண் பொறித்த இன்னொரு வால்வை அவ்விடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உருவம் ஒத்திருக்கிறது என்பதற்காக வேறு எண்ணுடைய வால்வைச் செருகலாகாது.

வால்வு நலமாக இருப்பின் அடுத்த ஐயம் அது நிற்கும் தாங்கியின்மீது எழ வேண்டும். தீவின் காற்று உப்புக்காற்று. கடற்கரை வீடுகளின் கதவுக் கீல்களும் யன்னற் கம்பிகளும் எவ்வளவு விரைவிற் துருப்பிடிக்கின்றன என்பதை அங்குள்ளோர் அறிவர். அதே காற்றுத்தான் விரியலாக்கியின் தாங்கிகளிலும் செருகுவாய்களிலும் புகுகிறது. செருகுவாயினுள் உள்ள மெல்லிய உலோக இதழ், வயர் செருகும்போது ஓர் இணைப்பைத் திறந்து, எடுக்கும்போது மூடுமாறு அமைந்தது. அதிற் களிம்பேறினால் ஒலி குறையும். சிலவேளை விட்டுவிட்டு வரும். வயரின் செருகியைப் பத்துத் தடவை செருகி எடுக்கையிற் சத்தம் திடீரெனத் தெளிந்தால் நோயின் இருப்பிடம் வெளிப்பட்டுவிட்டது. இணைப்புகளைத் துப்புரவாக்குவதற்கெனவே விற்கப்படும் திரவத்தாற் செருகுவாய்களையும், திருகிகளையும், வால்வின் ஊசிகளையும் துடைத்தல் நன்று. தேங்காயெண்ணெயோ மண்ணெண்ணெயோ அதற்கு மாற்றாகாது. திருவிழா முடிந்ததும் கருவியைத் துணியால் மூடி, தரையிலிருந்து உயர்த்தி, கடற்காற்று நேரே படாத அறையில் வைத்தால் இத்தொல்லையிற் பாதி வாராது.

இதுவரை கூறியவை யாவும் கருவியின் உள்ளறையைத் திறவாமற் செய்யக்கூடியவை. இதற்கு அப்பால் உள்ளவை பயின்ற திருத்துநருக்கு உரியவை. காரணம் வெளிப்படையானது. வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. வால்வு விரியலாக்கியின் உள்ளேயோ 400 வோல்ற்றுக்கு மேலும் அழுத்தம் உண்டு. அதனிலும் கொடியது, மின்செருகியைக் கழற்றிய பின்னும் பெரிய கொள்ளளவிகளில் அந்த மின்னேற்றம் தங்கியிருத்தல். அணைந்த கருவி உறங்கும் பாம்பு போன்றது. தேர்ந்த திருத்துநர் முதலில் ஒரு தடையியினூடாக அந்த மின்னேற்றத்தை வடியவிட்டு, பல்மானியால் அளந்து, அது நீங்கியதை உறுதிசெய்த பின்னரே கைவைப்பார். இயங்கும் கருவியில் அளக்க நேர்ந்தால் மின்சாரம் நெஞ்சினூடாகப் பாயாதிருக்க ஒரு கையை முதுகுப்புறம் வைத்துக்கொள்வார். முன்னே சொன்ன திருப்புளிக்காரர் அறியாதது இதுவே.

எனினும் திருத்துநர் என்ன செய்வார் என்பதைத் தெரிந்துவைத்திருப்பது அவரோடு பேசுவதற்கு உதவும். இருசனற் கருவியில் அவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. சுற்றின் வரைபடம் கையில் இல்லாவிட்டாலும், நலமாக உள்ள சனலே நலிந்த சனலுக்கு வரைபடமாகிறது. அனோட்டின் அழுத்தம், கதோட்டின் அழுத்தம், தடையிகளின் அளவு ஆகியவற்றை இரு பக்கமும் அளந்து ஒப்பிடுவார். சுற்றுகள் ஒத்துள்ள இடத்தில் எண்கள் பிரிந்தால் அவ்விடத்திற் பழுது நிற்கிறது.

அப்பழுதுகளில் அடிக்கடி காணப்படும் ஒன்று குறிப்பிடத்தக்கது. ஈ.சி.சி. 83 வால்வின் கதோட்டில் 1500 ஓம் தடையியும், அதனோடு சமாந்தரமாக 25 மைக்ரோபரட் கொள்ளளவியும் இருப்பது பெருவழக்கு. அனோட்டுத் தடையி 1,00,000 ஓம் ஆகும்போது இந்தப் படி ஏறத்தாழ 60 மடங்கு பெருக்கும். அந்தக் கொள்ளளவியின் உள்ளே ஈரமான வேதிப்பொருள் உண்டு. ஆண்டுகள் செல்ல அது உலர்ந்து கொள்ளளவி பயனற்றுப் போகும். அப்போது பெருக்கம் 30 மடங்கு அளவுக்கு இறங்கிவிடும். வால்வு ஒளிர்கிறது, ஓசையும் வருகிறது, ஆனால் பெருக்கம் பாதி. விலை குறைந்த அச்சிறு உருளையை மாற்றினாற் சனல் மீண்டும் நிமிரும். இதனை அறியாமல் எத்தனை கருவிகள் மூலையில் ஒதுக்கப்பட்டிருக்கும்!

ஓர் எச்சரிக்கையும் உண்டு. காது நல்ல சாட்சி. ஆனால் நல்ல தராசு அன்று. ஒலியின் வலு பத்து மடங்கு கூடினாலே காதுக்கு அது ஏறத்தாழ இரு மடங்கு உரத்ததாகத் தோன்றும். கூர்மையான ஒலி, ஒரே வலுவுள்ள மழுங்கிய ஒலியினும் உரத்ததாக மயக்கும். ஆதலால் இரு சனல்களிடையே மயிரிழை வேறுபாடு தோன்றினாற் கலங்க வேண்டியதில்லை. ஒரே வார்ப்பில் வந்த உறுப்புகளுக்கிடையிலும் சிறு ஏற்றத்தாழ்வு உண்டு. ஒரு வகுப்பில் உரத்துப் பேசும் மாணவனும் மெல்லப் பேசும் மாணவனும் இருப்பர். மெல்லப் பேசுபவனை நோயாளி என்று எவரும் மருத்துவரிடம் அனுப்புவதில்லை. நேற்றுவரை உரத்துப் பேசியவன் இன்று குரல் கம்மினாற்றான் காரணம் கேட்க வேண்டும். விரியலாக்கியிலும் இயல்பான வேறுபாட்டுக்கும் புதிதாய் வந்த வேறுபாட்டுக்கும் இடையே இப்பகுப்பைக் காண வேண்டும். கருவி நலமாக உள்ள காலத்தில் அதன் திருகிகள் எவ்வெண்ணில் நின்றபோது இரு சனல்களும் ஒத்து ஒலித்தன என்று ஒரு கொப்பியிற் குறித்து வைத்தாற் பின்னாளில் அதுவே சான்றாகும்.

யாழ்ப்பாணத்து மக்களுக்கு இத்தகைய சிக்கனமும் நிதானமும் புதியவை அல்ல. 1990-இன் பின்னர்க் குடாநாட்டில் மின்சாரம் நின்று, மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட நாள்களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் எழுந்த மின்சாரத்தால் வானொலி கேட்டனர். தீவுகளிலிருந்து இடம்பெயர்ந்து வந்திருந்தோரும் அவர்களுள் இருந்தனர். ஒருவர் சுழற்ற, பலர் சுற்றி இருந்து செய்தி கேட்டனர். ஒரு கருவியின் ஒவ்வோர் உறுப்பும் எதற்காக இருக்கிறது என்று அறிந்தவர்களாலேயே அது இயன்றது. வாங்குவதற்குக் கடை திறந்திருக்கும் இக்காலத்தில் அந்த அறிவு கைநழுவிப் போவதே கவலைக்குரியது.

ஊர்காவற்றுறைப் பாடகர் குழுவினர் திருநாளுக்கு முன் செய்ய வேண்டியது இவ்வளவே. திருப்புளியை உறையில் இடுக. ஒரு கிற்றாரையும் ஒரு வயரையும் எடுத்து, இரு சனல்களையும் ஒரே நிலையில் ஒப்பிடுக. திருகியைத் தாழ்த்தியும் உயர்த்தியும் பார்க்க. செருகுவாய்களைத் துடைக்க. கருவி ஆறிய பின் வால்வுகளை இடம்மாற்றுக. அதன்பின்னும் ஒரு சனல் மெலிந்தே நின்றால், கண்டவற்றை ஒரு தாளில் எழுதிக் கருவியோடு திருத்துநரிடம் அனுப்புக. அந்தத் தாள் அவருடைய வேலையிற் பாதியைக் குறைக்கும். குழுவினரின் செலவையும் குறைக்கும். பெரும்பாலும் நகருக்குக் கொண்டுபோக வேண்டிய தேவையே நேராது. பாடுபவரின் குரல் கிற்றாரோடு ஒத்து எழும்.